பெரியாஸ்பத்திரிக்கு நோட்டீஸ்னா வார்டை மூடிருவாங்களா?

வருஷத்துக்கு ஒரு தடவையாச்சும் டிவில அடில ஓடும், "அரசு மருத்துவக் கல்லூரிகளுக்கு என்.எம்.சி. நோட்டீஸ், அங்கீகாரத்துக்குச் சிக்கல்"னு. அன்னைக்கு சாயங்காலமே மதுரை வாட்ஸப் குரூப்புல ஆரம்பிச்சிரும், பெரியாஸ்பத்திரிய மூடப்போறாங்களாம்ல, அடுத்த வாரம் அம்மாவுக்கு ஆபரேஷனுக்கு டேட் குடுத்திருக்காங்க போகலாமா வேணாமான்னு. பதில மொதல்லயே சொல்லிர்றேன்: மூட மாட்டாங்க, என்.எம்.சி.க்கு, அதாவது மெடிக்கல் காலேஜ் சீட்டை முடிவு பண்ணுற தேசிய மருத்துவ ஆணையத்துக்கு, வார்டை மூடுற அதிகாரமே கெடையாது. அதுக்காக நமக்கென்னன்னு விட்டுறவும் முடியாது. அந்த நோட்டீஸ் சுத்தி வளைச்சு கடைசில வந்து நிக்கிற எடம், ராத்திரி 2 மணிக்கு கேஷுவால்டில நம்மாளு படுத்திருக்கப்ப பக்கத்துல யாரு நிப்பாங்கங்கறதுதான். அது எப்படின்னு புரியணும்னா கொஞ்சம் அடியில இருந்து வரணும்.

மொதல்ல, எதைச் சொல்றோம்

பழைய ஆளுங்க இன்னும் எர்ஸ்கின் ஆஸ்பத்திரின்னு சொல்லுவாங்க, 1930கள்ல மெட்ராஸ் கவர்னரா இருந்த எர்ஸ்கின் பிரபு பேரு. பின்னாடி ராஜாஜி பேரை வச்சாங்க, போர்டுல அரசு இராசாசி மருத்துவமனைன்னு இருக்கும், ஆட்டோக்காரர்கிட்ட பெரியாஸ்பத்திரின்னு சொன்னாத்தான் வண்டி நகரும். கோரிப்பாளையத்துல, வைகைக்கு வடகரையில, பனகல் ரோட்டுல இருக்குற அந்த வளாகம் மட்டும்தான் பெரியாஸ்பத்திரின்னு நெனைக்கிறோம்ல, அதுல இருந்தே கொழப்பம் தொடங்குது. பாலரெங்காபுரத்துல இருக்குற புற்றுநோய் ஆஸ்பத்திரி, திருமங்கலம் போற வழில தோப்பூர்ல இருக்குற நெஞ்சக நோய் ஆஸ்பத்திரி, 2019ல தொறந்த சூப்பர் ஸ்பெஷாலிட்டி பிளாக், அப்புறம் ஜப்பான்காரங்க ஜைக்கா கடன்ல கட்டுன புது கட்டடம், எல்லாம் ஒரே குடும்பம். அந்தக் குடும்பத்துக்குத் தலை ஆஸ்பத்திரி இல்ல. 1954ல ஆரம்பிச்ச மதுரை மெடிக்கல் காலேஜ்.

நான் சொல்ல வர்றதே இதான். இது ஆஸ்பத்திரி கூட ஒட்டுன காலேஜ்னு நெனைச்சுப் பாத்தா பாதி விஷயம் புரியாது. காலேஜுக்குள்ள நடக்குற ஆஸ்பத்திரின்னு பாத்தா வரிசை, அலைச்சல், பையன் மாதிரி இருக்குறவரு ஊசி போடுறது, ரேஷன் கார்டு கேக்குறது, எல்லாத்துக்கும் காரணம் கெடைச்சிரும். (காரணம் இருக்குன்னா சரின்னு அர்த்தம் இல்ல, அது வேற.)

ஒரே கவர்மெண்டு, மூணு வாசல்

மதுரை மாவட்டத் தலைமை அரசு ஆஸ்பத்திரி எதுன்னு கேட்டுப்பாருங்க, பத்துக்கு ஒம்போது பேரு பெரியாஸ்பத்திரின்னுதான் சொல்லுவாங்க. தப்பு. உசிலம்பட்டி. ஏன்னா சுகாதாரத் துறைன்னு ஒரு மந்திரி, ஒரு செயலர் இருந்தாலும் கீழ தனித்தனி இயக்ககங்களா பிரிஞ்சிருக்கு, நமக்கு முக்கியமானது மூணு:

1. ஆரம்ப சுகாதார நிலையங்க, அதாவது நம்ம பி.எச்.சி., பொது சுகாதாரத் துறைக்குக் கீழ வரும். தடுப்பூசி, கர்ப்பிணி செக்கப், காய்ச்சல் முகாம் எல்லாம் அவங்க. மாநகராட்சி எல்லைக்குள்ள இருக்குற நகர்ப்புற நிலையங்கள கார்ப்பரேஷன் பாத்துக்கும்.

2. மேலூர், திருமங்கலம், பேரையூர் மாதிரி தாலுகா ஆஸ்பத்திரி, அப்புறம் உசிலம்பட்டி தலைமை ஆஸ்பத்திரி, இதெல்லாம் ஊரகநலப் பணிகள் இயக்ககம். மாவட்டத்துல இதுக்குத் தலை ஜே.டி., இணை இயக்குநர்.

3. மெடிக்கல் காலேஜும் அது கூட இருக்குற ஆஸ்பத்திரிகளும் மருத்துவக் கல்வி இயக்ககம். இங்க தலை டீன்.

ஜே.டி.க்கு டீன் மேல அதிகாரம் இல்ல, டீனுக்கு மேலூர் ஜி.எச். மேல அதிகாரம் இல்ல. "மதுரைக்கு எழுதிக் குடுத்துட்டாங்க"ன்னு சீட்டை வச்சுக்கிட்டு ஆம்புலன்ஸ்ல வர்றவங்களுக்கு அது ஒரு ஆஸ்பத்திரில இருந்து இன்னொரு ஆஸ்பத்திரிதான், ஆனா பேப்பர்ல அது ஒரு இயக்ககத்துல இருந்து இன்னொரு இயக்ககத்துக்குப் போற கேஸு. அங்க ஏன் டாக்டர் இல்லன்னு இங்க இருக்குறவர்ட்ட கேட்டா அவரு என்ன பதில் சொல்லுவாரு.

இதுல இன்னொண்ணு. ஒரு காலத்துல தேனி, திண்டுக்கல், விருதுநகர், சிவகங்கை, ராமநாதபுரம்னு சுத்துப்பட்டு அத்தனை மாவட்டத்துக்கும் பெரிய வைத்தியம்னா மதுரைதான். இன்னைக்கு இந்த அஞ்சு மாவட்டத்துலயும் அரசு மெடிக்கல் காலேஜ் இருக்கு. சிவகங்கை 2012ல வந்துச்சு, விருதுநகர், திண்டுக்கல், ராமநாதபுரம் மூணும் 2022 ஜனவரி 12ல தமிழ்நாட்டுல ஒரே நாள்ல தொறந்த 11 காலேஜுல சேர்த்தி. அப்ப மதுரைல கூட்டம் கொறஞ்சிருக்கணும்ல? சாதா காய்ச்சல், பிரசவம், எலும்பு முறிவு எல்லாம் ஓரளவு அங்கங்க நிக்குது. மூளை, இருதயம், கிட்னி, கொழந்தைகளுக்கு நுணுக்கமான ஆபரேஷன், இதுக்கெல்லாம் ஆளும் மெஷினும் சேந்து இருக்குற எடம் இன்னும் இதான், அதனால வர்றதே கஷ்டமான கேஸா வருது.

"செவ்வாக்கெழம வாங்க"

ஓ.பி.ல மக்கள் ரொம்ப கடுப்பாகுற எடம் இது. பேரையூர்ல இருந்து மொத பஸ்ஸப் புடிச்சு வந்து, சீட்டு வாங்கி, ஒரு மணி நேரம் நின்னு, கிட்டப் போனா உள்ள இருக்குறவரு சீட்டைத் திருப்பிப் பாத்துட்டு, இது ரெண்டாவது யூனிட்டு, செவ்வாக்கெழம வாங்கன்னு சொல்லுவாரு. ஆஸ்பத்திரி தொறந்திருக்கு, டாக்டர் உக்காந்திருக்காரு, பாக்க மாட்டேங்குறாரு. ஏன்?

யூனிட்டுன்னா ஒரு சின்ன படைன்னு வச்சுக்கங்க. பொது மருத்துவம், பொது அறுவை மாதிரி பெரிய டிபார்ட்மெண்ட் ஒவ்வொண்ணும் பல யூனிட்டா பிரிஞ்சிருக்கும். ஒரு யூனிட்டுக்குள்ள மேல இருந்து கீழ:

1. சீஃப், அதாவது புரொபசர். அந்த யூனிட்டுல படுத்திருக்குற ஒவ்வொரு நோயாளிக்கும் கடைசிப் பொறுப்பு இவரு.
2. அசோசியேட், அசிஸ்டென்ட் புரொபசருங்க. நாம "பெரிய டாக்டர்"னு சொல்றது பெரும்பாலும் இவங்கள.
3. பி.ஜி.ங்க. எம்.பி.பி.எஸ். முடிச்சு எம்.டி., எம்.எஸ். படிக்கிறவங்க, 3 வருஷம். மாணவர்னு பேரு, ஆனா முழு டாக்டர்.
4. ஹவுஸ் சர்ஜன், சி.ஆர்.ஆர்.ஐ.ன்னும் சொல்லுவாங்க. எம்.பி.பி.எஸ். பரீட்சை எழுதி முடிச்சு ஒரு வருஷம் கட்டாயப் பயிற்சில இருக்குறவங்க.

வாரத்துல ஒவ்வொரு நாளும் ஒரு யூனிட்டுக்கு அட்மிஷன் நாள். அந்த 24 மணி நேரத்துல உள்ள வர்றவங்க எல்லாம் அந்த யூனிட்டு ஆளு, டிஸ்சார்ஜ் ஆகி மறுபடி காட்ட வந்தாலும் அதே யூனிட்டு ஓ.பி. நாள்லதான். மத்த நாள்ல அந்த டீம் தியேட்டர்ல இருக்கும், வார்டுல ரவுண்ட்ஸ்ல இருக்கும், இல்ல கிளாஸ் எடுத்துட்டு இருக்கும். ஒரு நோயாளிய ஆரம்பத்துல இருந்து முடிவு வரைக்கும் ஒரே டீம் பாக்கணும், அப்பத்தான் வைத்தியமும் ஒழுங்கா இருக்கும், படிக்கிறவனும் நோயோட போக்கைப் பாத்துக் கத்துக்குவான்ங்கறது கணக்கு. கணக்கு நல்லாத்தான் இருக்கு. அதை டிஸ்சார்ஜ் சம்மரில நாலு எழுத்துல "யூனிட் 2, செவ்வாய்"னு பெருசா எழுதிக் குடுத்தா ஒரு நாள் கூலி மிச்சம், அதுக்கு எந்த கமிஷன் பர்மிஷனும் வேணாம். நீங்களாச்சும் வெளிய வர்றப்ப கேட்டு எழுதி வாங்கிக்கங்க.

ராத்திரி 2 மணிக்கு யாரு

அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு அன்னைக்குக் கூட்டத்தை நெனைச்சுப் பாருங்க. வாடிவாசல்கிட்டயே மருத்துவ முகாம் இருக்கும், சின்ன காயத்துக்கு அங்கேயே தையல். வயித்துல கொம்பு பட்டவரு, நெஞ்சுல மிதி வாங்குனவரு நேரா மதுரைக்கு. இங்க வாசல்ல மொதல்ல பாக்குறது பேரு ஊரு இல்ல, செவப்பா மஞ்சளா பச்சையான்னுதான். உயிர் போற நெலமைன்னா செவப்பு, கொஞ்சம் தாங்கும்னா மஞ்சள், காத்திருக்கலாம்னா பச்சை. வாசல்லயே நேரம் போயிரக்கூடாதுங்கறதுக்காக வச்ச ஏற்பாடு, ஜீரோ டிலே வார்டுன்னு பேரு, மாநிலம் முழுக்க விபத்து சிகிச்சைத் திட்டத்துல வந்தது. பின்னாடி வந்தவர உள்ள கூட்டிட்டுப் போறாங்க நாங்க நிக்கிறோம்னு சண்டை போடுறதுக்கு முன்னாடி கலரை யோசிக்கணும்.

உள்ள போனதுக்கப்புறம் என்ன நடக்குது? ரத்தம் எடுக்குறது, ட்யூப்ல பேரு எழுதி ஒட்டுறது, சொந்தக்காரங்க கைல குடுத்து லேபுக்கு ஓடச் சொல்றது, இல்ல தானே ஓடுறது, ஹவுஸ் சர்ஜன். கேஸ் ஷீட்டு எழுதுறது, ஸ்கேனுக்குக் கூட போறது, ரத்த வங்கிக்கு போன் போடுறது, மொத வருஷ பி.ஜி. இதுக்கு உடனே வயித்தைத் தொறக்கணுமா காலைல வரைக்கும் பாக்கலாமான்னு மொத கணிப்பு சொல்றது மூணாவது வருஷ பி.ஜி., அதைப் பாத்து சரின்னு சொல்லி கத்திய எடுக்குறது டூட்டி அசிஸ்டென்ட் புரொபசர். சீஃபுக்கு போன் போகும், தேவைன்னா வருவாரு, இல்லாட்டி காலைல ரவுண்ட்ஸ். விபத்து கேஸா இருந்தா இது கூடவே ஏ.ஆர். போடணும், ஆக்சிடெண்ட் ரிஜிஸ்டர், வளாகத்துக்குள்ளயே இருக்குற போலீஸ் அவுட்போஸ்டுக்குத் தகவல் போகணும், பின்னாடி இன்சூரன்ஸ் கேஸு கோர்ட்டு எல்லாத்துக்கும் அந்த ஒரு தாளுதான் ஆதாரம்.

இதுல பாருங்க, ராத்திரி கைவேலை முக்காவாசி பி.ஜி.யும் ஹவுஸ் சர்ஜனும்தான். "படிக்கிற பசங்கள வச்சுப் பாக்குறாங்க"ன்னு கொற சொல்றோம். அந்தப் பசங்க இல்லன்னா ராத்திரி ஆஸ்பத்திரியே இல்ல. இனிமேதான் நோட்டீஸுக்கு வர முடியும்.

என்.எம்.சி. என்ன கேக்குது

என்.எம்.சி.ங்கறது தேசிய மருத்துவ ஆணையம். பழைய எம்.சி.ஐ.ய, அதாவது இந்திய மருத்துவ கவுன்சில, எடுத்துட்டு 2020ல வந்தது. அதோட வேலை மருத்துவப் படிப்பும் டாக்டர் தொழிலோட ஒழுங்கும். ஒரு காலேஜுல எத்தனை எம்.பி.பி.எஸ். சீட்டு, எத்தனை பி.ஜி. சீட்டு வச்சுக்கலாம்னு அதான் முடிவு பண்ணும். மதுரைல எம்.பி.பி.எஸ். வருஷத்துக்கு 250 சீட்டு. இத்தனை சீட்டுன்னா இத்தனை புரொபசரு, இத்தனை பெட்டு, இத்தனை ஓ.பி.ன்னு அளவு இருக்கு. வாத்தியாருங்க முகத்தைக் காட்டி ஆதார்ல அட்டெண்டன்ஸ் போடணும், அந்தக் கணக்கு நேரா டெல்லில தெரியும்.

தனியார் காலேஜுக்கு வர்ற நோட்டீஸ்ல அடிக்கடி இருக்குறது பெட்டுல நோயாளியே இல்லன்னு. நம்மூருல நோயாளிக்குப் பஞ்சமே இல்ல, பெட்டு ரெண்டாயிரத்துக்கு மேல இருந்தும் ரெண்டு பெட்டுக்கு நடுவுல பாய் விரிச்சுப் படுத்திருப்பாங்க. இங்க கொறையிறது வாத்தியாரு. ஏன் கொறையிறாங்கன்னு கேட்டா, ஒரே நாள்ல 11 காலேஜ் தொறந்தா அதுக்கு புரொபசர் வானத்துல இருந்து வரமாட்டாங்க, பழைய காலேஜுல இருந்துதான் மாத்தணும். எம்.பி.பி.எஸ்.க்கே அஞ்சரை வருஷம், அதுக்கப்புறம் பி.ஜி. 3 வருஷம், அதுக்கு மேல வருஷக்கணக்குல பாடம் எடுத்துப் படிப்படியா மேல வந்தாத்தான் புரொபசர் நாற்காலி. கட்டடத்த ரெண்டு வருஷத்துல கட்டிறலாம், இதுக்கு ஒரு தலைமுறை ஆகும். ஒருத்தர் ரிட்டையர் ஆனா அடுத்தவருக்கு புரமோஷன் போடணும், சீனியாரிட்டி தகராறு கோர்ட்டுல நின்னா அதுவும் நிக்கும், அதுவரைக்கும் பொறுப்பு புரொபசர், சில சமயம் பொறுப்பு டீன்.

நோட்டீஸ் வந்ததுக்கப்புறம் வழக்கமா நடக்குறது, அரசு பதில் எழுதும், இத்தனை நாளைக்குள்ள நெரப்பிர்றோம்னு உறுதி குடுக்கும், சீட்டு தொடரும். செய்தில "ரத்து"ங்கற வார்த்தை பெருசா இருக்கும், உள்ள படிச்சா "விளக்கம் கேட்டு"ன்னு இருக்கும். சரி, நெசமாவே சீட்டக் கொறச்சுட்டாங்கன்னு வைங்க:

1. ஏற்கனவே படிக்கிறவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. அடுத்த பேட்ச்சுலதான் கை வைப்பாங்க.

2. வார்டு, தியேட்டர், ஓ.பி. எதையும் என்.எம்.சி. தொட முடியாது. அது மாநில அரசு ஆஸ்பத்திரி. குடுத்த ஆபரேஷன் தேதி அப்படியே இருக்கும்.

3. அடி விழுறது மெதுவா. ஒரு டிபார்ட்மெண்ட்ல 2 பி.ஜி. சீட்டு போச்சுன்னு வச்சுக்குவோம். மொத வருஷம் 2 பேரு கம்மி, யாருக்கும் தெரியாது. அடுத்த வருஷம் 4. மூணாவது வருஷம் 6 பேரு இல்ல. மேல சொன்ன ராத்திரி 2 மணி டீம்ல இருந்து ஆறு பேர எடுத்துப் பாருங்க, மிச்ச இருக்குறவன் 24 மணி நேரத்துக்கு மேல நின்னுக்கிட்டு இருப்பான், தூக்கத்துல இருக்குறவன் போடுற ஊசி நம்ம கைல.

4. கிராமத்துக்கும் அடி. அரசு காலேஜ் பி.ஜி. சீட்டுல பாதி அகில இந்திய கோட்டாவுக்குப் போயிரும், மாநிலத்துக்கு மிஞ்சுற பாதில 50 சதவீதம் பி.எச்.சி., தாலுகா ஆஸ்பத்திரில வேலை பாக்குற அரசு டாக்டர்களுக்கு. இப்படி ஒதுக்க மாநிலத்துக்கு அதிகாரம் உண்டுன்னு 2020ல சுப்ரீம் கோர்ட் அஞ்சு நீதிபதி பெஞ்சு சொல்லுச்சு. பேரையூர்ல நாலு வருஷம் காய்ச்சலும் பாம்புக்கடியும் பாத்த டாக்டர் இங்க வந்து மயக்க மருந்து படிச்சுட்டுப் போனாத்தான் அடுத்து ஒரு தாலுகா ஆஸ்பத்திரில ராத்திரி சிசேரியன் நடக்கும். இங்க சீட்டு போனா அங்க "மதுரைக்கு எழுதிக் குடுத்துட்டாங்க"ன்னு வர்றது கூடும், இங்க ஆளு கொறஞ்சிருக்கும். ரெண்டு பக்கமும் இறுகுது.

காசு எங்கிட்டு இருந்து வருது

இலவச ஆஸ்பத்திரிதானே, அப்புறம் எதுக்கு ரேஷன் கார்டும் ஆதாரும் கேக்குறாங்கங்கறது அடுத்த சந்தேகம். சம்பளம் மாநில பட்ஜெட். மருந்து, 1994ல ஆரம்பிச்ச மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமா டெண்டர்ல வாங்கி மாவட்டக் கிடங்குல வைக்கும், ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக் இருக்கும், பேங்க் மாதிரியே, எடுக்க எடுக்க அதுல கழியும். பெரிய கட்டடம் தனிக் காசு: 2019ல தொறந்த சூப்பர் ஸ்பெஷாலிட்டி பிளாக் 150 கோடி, மத்திய அரசும் மாநிலமும் பங்கு போட்டது.

மூணாவது வழிதான் கார்டு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ள இருக்குற குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும் கவர். இது தனியார் ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான்னு பலபேரு நெனைக்கிறாங்க. பெரியாஸ்பத்திரில பண்ணுற ஆபரேஷனுக்கும் கிளைம் போடலாம், அந்தப் பணம் ஆஸ்பத்திரிக்கே வரும், இம்பிளாண்ட், ஸ்டென்ட் மாதிரி சாமான் வாங்க அது உதவும். அதான் வார்டுல தொரத்தித் தொரத்தி கார்டு கேக்குறது. கார்டு இல்லன்னா வைத்தியம் இல்லன்னு அர்த்தம் கெடையாது. இருந்தும் குடுக்கலன்னா ஆஸ்பத்திரிக்கு வரவேண்டிய பணம் வராது, அவ்வளவுதான். ரோடு விபத்துன்னா 2021 டிசம்பர்ல வந்த நம்மைக் காக்கும் 48 திட்டம் தனி, மொத 48 மணி நேரத்துக்குக் கார்டு, ஊரு, மாநிலம் எதுவும் பாக்க மாட்டாங்க.

எய்ம்ஸ் வந்தா?

கடைசியா இந்தக் கொழப்பம். தோப்பூர் எய்ம்ஸ் வேற, பெரியாஸ்பத்திரி வேற. எய்ம்ஸ் முழுக்க மத்திய அரசு நிறுவனம், டீனுக்கும் மருத்துவக் கல்வி இயக்ககத்துக்கும் அதுல வேலை இல்ல. 2019 ஜனவரி 27ல அடிக்கல் நாட்டுனாங்க, அதே நாள்லதான் சூப்பர் ஸ்பெஷாலிட்டி பிளாக்கையும் தொறந்தாங்க, அதனாலயே ரெண்டையும் ஒண்ணா நெனைக்கிறவங்க இருக்காங்க. மொத பேட்ச் 50 பேரு 2022ல சேந்தப்ப தோப்பூர்ல கட்டடம் இல்ல, ராமநாதபுரம் அரசு காலேஜுல உக்காரவச்சாங்க. எய்ம்ஸ் முழுசா ஓட ஆரம்பிச்சாலும் விபத்து, விஷம் குடிச்சது, பிரசவம், போஸ்ட்மார்ட்டம்னு அன்னாடம் வர்ற பாரம் கோரிப்பாளையத்துக்குத்தான் வரும்னு நான் நெனைக்கிறேன், ஊருக்கு நடுவுல இருக்குறது அது. அதோட எய்ம்ஸுக்கும் புரொபசரு வேணும்ல. அவங்களையும் எங்கிட்டு இருந்து எடுப்பாங்க?

அடுத்த தடவை நோட்டீஸ் செய்தி வந்தா தலைப்ப விட்டுட்டு உள்ள மூணு விஷயம் தேடிப் பாருங்க:

1. விளக்கம் கேட்டிருக்காங்களா, சீட்டைக் கொறச்சே ஆர்டர் போட்டுட்டாங்களா.
2. எம்.பி.பி.எஸ். சீட்டா, பி.ஜி. சீட்டா. பி.ஜி.ன்னா எந்த டிபார்ட்மெண்ட். மயக்க மருந்து, எமர்ஜென்சி, மகப்பேறு, அறுவைன்னு இருந்தா ராத்திரி டூட்டில தெரியும். அனாடமி, அதாவது உடற்கூறு பாடம்னா வார்டுல தெரியாது.
3. அரசு ஆள் நெரப்புறேன்னு சொல்லிருந்தா, புதுசா எடுக்குறாங்களா, இல்ல இன்ஸ்பெக்‌ஷன் வரைக்கும் விருதுநகர்ல இருந்தும் சிவகங்கைல இருந்தும் டெபுடேஷன்ல இழுத்து வர்றாங்களா. ரெண்டாவதுன்னா அடுத்த நோட்டீஸ் அந்தக் காலேஜுக்கு.